சலவைப் பட்டறைச் சுவரில் ஒரு பாசி

கல்கத்தா,
12-9-1968.

அன்புள்ள சென்னியப்பனுக்கு,

ராஜா முகமது எழுதுகிறேன். பெயரைப் பார்த்ததும் உறையைக் கிழித்துப் போட்டுவிடுவாய் என்று என் தங்கை குல்சார் எச்சரித்தாள். இந்த வரிவரை வந்துவிட்டாய் என்றால் மீதியையும் படித்துவிடு. அவள் வீட்டுக்காரர் பனியன் துணியை உங்கள் பட்டறையில்தான் சலவைக்குப் போடுகிறாராம். முகவரி அப்படித்தான் கிடைத்தது.

நான் இன்னும் பாசியோடுதான் மாரடிக்கிறேன். மெட்ராஸில் நாம் ஒரே மேஜையில் உட்கார்ந்து பார்த்த அதே பிரையம் வகைப் பாசி. இங்கே என் துறைக்காரர்களுக்கு அது பரிணாமம் மறந்துவிட்டுப் போன செடி. கோடிக்கணக்கான வருஷமாக மாறாமல் கிடக்கிறதாம், இனியும் மாறாதாம். நான் மாறும் என்கிறேன். சீமையில் சுரங்கக் கழிவு கொட்டிய மண்ணில் முளைத்த புல், சில தலைமுறைகளிலேயே அந்த விஷத்தைத் தாங்கப் பழகியிருக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். புல்லைவிடப் பாசி அதற்குத் தோதான செடி. உள்ளங்கையகல இடத்தில் ஆயிரம் நிற்கும். கண்ணாடித் தட்டில் வளரும். இலை ஒரே ஒரு செல் கனம்தான். தண்ணீரில் எது இருந்தாலும் தடுக்கத் தோல் கிடையாது, நேராக உள்ளே போய்விடும்.

என் கேள்வி இதுதான். உங்கள் பட்டறையில் கழிவுத் தண்ணீர் ஓடுகிற இடத்தில் பிரையம் இருக்கிறதா? வழுக்குகிற பச்சையைக் கேட்கவில்லை. தண்டும் இலையுமாக நிற்பதைக் கேட்கிறேன்.

அடுத்த ஆகஸ்டுக்குள் உருப்படியாக ஒரு முடிவு காட்டாவிட்டால் என் வளர்ப்பறையைக் கோதுமைக்காரர்களுக்குக் கொடுத்துவிடப் போகிறார்கள். நாடு முழுக்கக் கோதுமை. பாசியை யார் சாப்பிடப் போகிறார்கள்?

அன்புடன்,
ராஜா

*

திருப்பூர்,
24-9-1968.

திரு. ராஜா முகமது அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. முதலில் சிலவற்றைத் தெளிவாக்கிவிடுகிறேன்.

1951-ல் என் தகப்பனாருக்குப் பக்கவாதம் வந்தது. அண்ணன் ரத்தினசாமி தந்தி கொடுத்தார். ஒரு மாதத்தில் திரும்பிவிடுவேன் என்று தங்களிடம் சொல்லிவிட்டு ரயிலேறினேன். அந்த மாதம் முடிவதற்குள் எனக்கென்று வைத்திருந்த ஆராய்ச்சி இடத்தில் தாங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள். நான் வளர்த்த தட்டுகளும் தங்கள் அலமாரிக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். பேராசிரியர் ஒரு வரி எழுதவில்லை. தாங்களும் எழுதவில்லை. ஊரில் அண்ணன் புதிதாகச் சலவைப் பட்டறை கட்டிக்கொண்டிருந்தார். கொத்தனார்களை மேய்க்க ஆள் வேண்டியிருந்தது. எம்.எஸ்ஸி. முடித்த ஓர் ஆள் கிடைத்தான்.

பேராசிரியரை நான் மன்னிக்கவில்லை. அண்ணனிடம் தொழில் பேச்சைத் தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்வதில்லை. தங்களை மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

கேள்விக்குப் பதில்: இருக்கிறது. பட்டறையின் பின்சுவரை ஒட்டி வாய்க்கால் ஓடுகிறது. பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியைத் திறந்துவிட்டால் அந்தத் தண்ணீர் சுவரில் முழங்கால் உயரத்துக்குத் தெறிக்கும். புல் கருகிவிடும். அருகம்புல்கூட அங்கே நிற்காது. பிரையம் நிற்கிறது. சந்தேகமே வேண்டாம். நான் தினமும் பார்க்கிறேன்.

தனியே ஒரு பிஸ்கட் டப்பா அனுப்பியிருக்கிறேன். இரண்டு பொட்டலம். ஒன்று சுவரில் எடுத்தது. மற்றது குன்னத்தூரில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் எடுத்தது. அங்கே நல்ல தண்ணீர். ஒப்பிட ஒன்று இல்லாமல் ஒன்றை மட்டும் அனுப்புவது படித்தவன் செய்யும் வேலையல்ல. இரண்டையும் சுத்தமான வெள்ளைப் பனியன் துணியில் ஈரமாகச் சுற்றியிருக்கிறேன். எங்களிடம் வெள்ளைக்கு மட்டும் பஞ்சமில்லை.

இப்படிக்கு,
கு. சென்னியப்பன்

*

கல்கத்தா,
9-10-1968.

அன்புள்ள சென்னியப்பா,

'தாங்கள்' என்று எழுதிக்கொள். திட்டுவதற்கு அது வசதியாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. டப்பா வந்ததே பெரிது.

ஆனால் ஒரு வருத்தம். கிணற்றுப் பாசி செத்துவிட்டது. வாடிச் சாகவில்லை, வெள்ளை நூல் மாதிரி வெளுத்துப் போய்விட்டது. பட்டறைப் பாசி பச்சையாக, இப்போதுதான் பறித்தது போல இருக்கிறது. ஒரே டப்பா, ஒரே பயணம், ஒரே துணி. எனக்குப் புரியவில்லை. கிணற்றுப் பாசியைப் பறித்து வெயிலில் வைத்தாயா?

இன்னொன்று. டப்பாவைத் திறந்தபோது ஒரு வாசம் வந்தது. கையில் மூடியோடு அப்படியே நின்றுவிட்டேன். என் மாணவி, "என்ன சார்?" என்றாள். ஊர் வாசம் என்றேன். எங்கள் வீட்டுப் பின்பக்கம், அத்தா தறியிலிருந்து வந்து கை கழுவுகிற இடம், எல்லாம் ஞாபகம் வந்தது. என்ன வாசம் என்றுதான் பிடிபடவில்லை.

ராஜா

*

திருப்பூர்,
18-10-1968.

திரு. ராஜா முகமது அவர்களுக்கு,

வெயிலில் வைத்தேனா என்று கேட்கிறீர்கள். பாசியை எப்படிப் பறிப்பது என்று மெட்ராஸில் தங்களுக்குக் காட்டிக் கொடுத்தவன் நான். கிணற்றின் கீழ்ப்படியில், நிழலில், கத்தியால் மண்ணோடு பெயர்த்தேன். அது உயிரோடுதான் புறப்பட்டது. கல்கத்தா போய்ச் செத்திருக்கிறது என்றால் கல்கத்தாவில் யாரோ கவனிக்கவில்லை. என் பொருள்கள் தங்கள் கையில் எப்படிப் போகும் என்பது எனக்குப் புதிதல்ல. இதோடு இந்தக் கடிதப் போக்குவரத்தை

19-10-1968.

நேற்று இதை எழுதிக்கொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டார். கரூர்ப் பக்கம் போன ஒரு சுமைத் துணி திரும்பி வந்துவிட்டதாம். மடித்த இடமெல்லாம் இற்றுப் போயிருக்கிறது. துணிக்கார முதலாளி அதைப் பிரித்து என் மூக்கில் வைத்து, "மோந்து பாருங்க சின்னவரே" என்றார். மோந்தேன். பவுடர் வாசம். கடைசி அலசலில் ஒரு தண்ணீர் குறைத்திருக்கிறார்கள்.

அப்போதுதான் உறைத்தது. டப்பாவுக்கு நான் எடுத்த துணி அலசி முடிந்ததல்ல. தொட்டியிலிருந்து தூக்கிக் குவித்திருந்த குவியலில் எடுத்தேன். கண்ணைப் பறிக்கிற வெள்ளையாக இருந்தது. வெள்ளையாக இருந்தால் சுத்தம் என்று பதினேழு வருஷத்தில் எனக்கும் பழகிவிட்டது. அந்தத் துணியைத்தான் நனைத்து, இரண்டு பாசியையும் சுற்றி, மூடி போட்டு அனுப்பியிருக்கிறேன்.

தங்கள் ஊர் வாசம் அதுதான். பிளீச்சிங் பவுடர்.

கிணற்றுப் பாசியைக் கொன்றது நான். ஆனால் அதே துணியில் மற்றது சாகவில்லை. இதன் அர்த்தம் தங்களுக்கும் தெரிந்திருக்கும்.

சென்னியப்பன்

*

கல்கத்தா,
28-10-1968.

சென்னியப்பா! சென்னியப்பா!

நான் ஆறு மாதம் திட்டம் போட்டுச் செய்ய நினைத்த சோதனையை நீ தபாலில் செய்துவிட்டாய்!

சரி, அடங்குகிறேன். இது போதாது, உனக்கே தெரியும். சுவரில் தினமும் தெறிப்பு வாங்கி, அந்த ஒரு செடி தன் ஆயுளில் பழகிக்கொண்டதாக இருக்கலாம். என் துறைக்காரர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள். பழக்கமா, பிறவியா? பிறவிதான் என்று காட்ட வித்து வேண்டும். வித்தை நல்ல தண்ணீரில் முளைக்கவைத்து, அதிலிருந்து கிள்ளி மறுபடியும் வளர்த்து, பவுடர் என்றால் என்னவென்றே தெரியாத பேரப்பிள்ளைக்கு அதைக் காட்ட வேண்டும். பிழைத்தால் நாம் ஜெயித்தோம்.

இங்கேதான் பாசியின் அழகு. நம் உடம்பில் ஜீன் எல்லாம் இரட்டை. அப்பனிடம் ஒன்று, ஆத்தாளிடம் ஒன்று. ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும். பச்சைப் பாசிக்கு ஒற்றைத் தொகுதிதான். மறைக்க எதுவும் இல்லை. இருப்பது அப்படியே வெளியில் தெரியும். மெட்ராஸில் உன்னைப் பற்றி நான் சொன்னதும் இதேதான். எது பட்டாலும் நேராக உள்ளே இறங்கிவிடும், உள்ளே இருப்பது முகத்தில் தெரிந்துவிடும்.

கோபிக்காதே. இரண்டு கேள்வி. வித்துப்பை விட்டிருக்கிறதா? அந்தச் சுவருக்கு வயது என்ன?

ராஜா

*

திருப்பூர்,
11-11-1968.

ராஜா முகமதுவுக்கு,

இந்த வருஷம் மழை சுமார்தான். சுவருக்கு எங்கள் வாய்க்கால் இருப்பதால் அதற்கு மழை பற்றிக் கவலையில்லை. சிவப்புக் காம்புகள் எழும்பிவிட்டன. நுனியில் பைகள் பச்சையாக, ஊசிமுனை அளவில் இருக்கின்றன. தலை கவிழ்ந்து பழுப்பாக முற்றுவதற்குத் தை பிறந்துவிடும்.

சுவரின் வயதைக் கேட்கிறாய். 1951 ஆவணியில் அஸ்திவாரம், ஐப்பசியில் முடிந்தது. அந்தச் சுவரின் ஒவ்வொரு வரிசைக் கல்லையும் நான் நின்று பார்த்தேன். அந்த நேரத்தில் நான் மெட்ராஸில் இருந்திருக்க வேண்டும். என் படிப்பு முடிந்த இடத்தில் அந்தச் சுவர் ஆரம்பிக்கிறது. ஆகவே வயது விஷயத்தில் பிழை வராது. முதலில் அந்த இடம் சோளக்காடு. பவுடர் தண்ணீர் அந்த மண்ணை அதற்குமுன் பார்த்ததில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தடவை அச்சில் என் பெயர் வர வேண்டும். கேட்டு வாங்குவது கேவலம்தான். கேட்காமல் இருந்து பார்த்துவிட்டேன். போன தடவை என் தட்டுகள் போனதோடு சரி.

சென்னியப்பன்

*

கல்கத்தா,
20-11-1968.

அன்புள்ள சென்னி,

உன் பெயர் இல்லாமல் இது அச்சேறாது. அது முடிந்த விஷயம்.

தட்டுகளைப் பற்றி. ஆமாம், நான்தான் எடுத்துக்கொண்டேன். முதல் கடிதத்திலேயே சொல்லியிருப்பேன். லஞ்சம் கொடுப்பது போல இருக்குமே என்று விட்டுவிட்டேன்.

1950-ல் குன்னத்தூர்க் கிணற்றிலிருந்து ஒரு பிரையம் கொண்டுவந்து, வித்திலிருந்து சுத்தமாக வளர்த்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ஊட்டம் தீரத் தீரப் புதுத் தட்டுக்கு மாற்றுவேன். வேலை மாறி இங்கே வந்தபோது மூன்றாம் வகுப்பில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் திருநீற்றுச் சம்புடம் என்று நினைத்துக் கும்பிட்டார். நானும் தடுக்கவில்லை.

மூடியில் நீ மை பென்சிலால் 'சென்னி' என்று எழுதியிருந்தாய். ஒவ்வொரு தட்டிலும் நானும் அதையே எழுதினேன். இப்போது அந்த வகைக்கே அதுதான் பெயர். இங்கே பிள்ளைகள் வாயில் அது 'ஷென்னி'. "ஷென்னி காய்கிறது, தண்ணீர் விடு." "ஷென்னிக்கு வெளிச்சம் அதிகம்." புதிதாக வந்த ஒரு பையன் அது லத்தீன் என்று நினைத்துப் பரீட்சையிலேயே எழுதிவிட்டான்.

ஏன் உனக்கு எழுதவில்லை என்றால், உன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு உனக்கு என்னத்தை எழுதுவது?

இப்போது யோசித்துப் பார். சுவர் 1951-ல் வந்தது. சென்னி 1950-ல் எடுத்தது. பவுடர் வருவதற்கு முந்திய பாசி என் அலமாரியில் இருக்கிறது. பதினேழு வருஷம் பவுடரில் குளித்த பாசி உன் சுவரில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேட்கலாம். உலகத்தில் எத்தனை பேருக்கு இப்படி வாய்க்கும்?

வித்துப்பை பத்திரம்.

ராஜா

*

திருப்பூர்,
16-12-1968.

அன்புள்ள ராஜா,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். பதினேழு வருஷம் ஒரு பாசிக்குத் தண்ணீர் விட்டிருக்கிறாய்.  அந்தப் பேச்சை இப்போதைக்கு விடு.

இப்போது ஒரு சங்கடம். அண்ணன் மகள் அமராவதிக்குத் தையில் கல்யாணம். பட்டறைக் களத்தில்தான் பந்தல். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வழக்கம் எப்போதும் உண்டு. அது தெருப்பக்கத்தோடு நின்றுவிடும். பின்சுவரை யாரும் சட்டை செய்வதில்லை, அதனால்தான் பாசி பிழைத்திருக்கிறது. இந்த வருஷம் சம்பந்தி வீட்டார் அந்த வழியாகத்தான் பந்திக்குப் போக வேண்டும். ஆகவே பின்சுவரும் உண்டு. பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக் கட்டுக்குள் முடிக்க வேண்டும் என்று சின்னானிடம் சொல்லியாகிவிட்டது. அவன் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் சுண்ணாம்பு பூசுவான். ஒழுங்கான வேலைக்காரன்.

பைகள் இன்னும் பச்சை. இப்போதே பெயர்த்து அனுப்பட்டுமா?

அண்ணனிடம் சொல்லலாமே என்பாய். இந்தப் பட்டறைக்கு வந்த நாளிலிருந்து அவரிடம் எனக்காக எதையும் கேட்டதில்லை. சம்பளம்கூட அவராகத்தான் ஏற்றினார். கேட்காமல் இருப்பது ஒன்றுதான் என்னிடம் மிச்சம் இருந்தது.

சென்னியப்பன்

*

கல்கத்தா,
23-12-1968.

சென்னி,

பச்சைப் பையில் வித்து முற்றியிருக்காது. பெயர்த்தால் இங்கே வந்து சேரும், முளைக்காது. அடுத்த பருவம் என்றால் ஆகஸ்டு தாண்டிவிடும். அறையும் போய்விடும். பிரஷ் போட்ட சுவரில் அந்தப் பருவமும் வராது.

கேள்.

ராஜா

*

திருப்பூர்,
25-1-1969.

அன்புள்ள ராஜா,

இந்தக் கடிதத்தோடு ஒரு டப்பா வரும். முற்றிய பைகள், பழுப்பு நிறம், மூடி கழலுகிற பதம். இந்தத் தடவை சலவைக்கே போகாத கோராத் துணியில் உலர்த்திச் சுற்றியிருக்கிறேன். தறியிலிருந்து வந்த அழுக்கு மஞ்சள் துணி. நிறத்தைப் பார்த்து முகம் சுளிக்காதே.

நடந்ததைச் சொல்கிறேன். பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் காலையில் சின்னான் சுண்ணாம்பு வாளியோடு பின்பக்கம் போய்விட்டான். அண்ணன் தொட்டி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். போனேன்.

"அண்ணா, ஒண்ணு கேக்கோணுங்க."

அவர் திரும்பி, எனக்குப் பின்னால் வேறு யாரோ இருக்கிறார்களா என்று பார்த்தார். "நீயா? கேளு."

"வாய்க்காப் பக்கத்துச் சுவத்துக்குச் சுண்ணாம்பு வேண்டாங்க. கண்ணாலம் வரைக்கும் உட்டுருங்க."

"ஏன்றா? சம்பந்தகாரங்க அக்கட்டதான் பந்திக்குப் போறாங்க. பாசி புடிச்ச சுவத்தையா காட்டச் சொல்றே?"

"அந்தப் பாசிதாங்க வேணும்."

சின்னான் பிரஷைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தான். "ஏனுங் சின்னவரே, பாசி போறதுக்கு மருந்து கேப்பாங்க. நீங்க பாசியவே கேக்கறீங்களே?"

அதன்பின் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைப் பற்றி, சென்னியைப் பற்றி, செத்துப்போன கிணற்றுப் பாசியைப் பற்றி. சுவர் எழும்பிய வருஷம் ஏன் முக்கியம் என்பதையும் சொன்னேன். அண்ணன் வாய்க்கால் ஓரம் வந்து, வேட்டியை மடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். அந்த உடம்புக்குக் குனிவது சுலபமில்லை.

"தெனமும் இங்க வந்து நின்னுட்டுப் போவியே. எம்மேல இருக்கற கோவத்துல நிக்கறயாக்கும்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றார்.

"அதுக்குந்தாங்க" என்றேன்.

ராஜா, அவர் சிரித்துவிட்டார். நானும்.

"இதுக்கா இத்தன வருசம் வாய மூடிட்டு இருந்தே? ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தச் சுவத்துல கைய வெக்க உட்டுருப்பனா? டேய் சின்னா, இங்கிருந்து அந்த மூல வரைக்கும் வுட்டுரு. பிரஷு பட்டுதுன்னா ஒனக்குச் சோறு கெடையாது." உடனே மூங்கில் கொண்டுவரச் சொல்லி, பந்திக்குப் போகிறவர்கள் உரசிவிடாமல் தடுப்புக் கட்டினார்.

கல்யாணம் அடுத்த வாரம். முழுச் சுவரும் பளீரென்று இருக்கிறது, நடுவில் எட்டடிக்கு மட்டும் பச்சை. பார்க்க விகாரமாகத்தான் இருக்கிறது. என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

உன்
சென்னி

*

கல்கத்தா,
4-8-1969.

அன்புள்ள சென்னி,

உட்கார்ந்து படி.

வித்து முளைத்தது. நல்ல தண்ணீரில் இரண்டு சுற்று வளர்த்தோம். பவுடர் வாசமே அறியாத பேரப்பிள்ளைகளையும் உன் பழைய சென்னியையும் ஒரே தட்டில் பக்கம் பக்கமாக வைத்து, பவுடர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். இரண்டாவது படியிலேயே சென்னி நூலாக வெளுத்துவிட்டது. (பயப்படாதே. அலமாரியில் இன்னும் நிறைய சென்னி இருக்கிறது.) சுவர்ப் பிள்ளைகள் நான்காவது படியிலும் பச்சையாக நின்றன. திரும்பத் திரும்பச் செய்தோம். அதேதான். பழக்கம் அல்ல, பிறவி. பதினேழு வருஷத்துக்குள் அந்தச் சுவரில் பாசி மாறியிருக்கிறது. பரிணாமம் அதை மறக்கவில்லை.

அது தாங்குவது பவுடரில் இருக்கும் குளோரினையா, சுண்ணாம்புக் காரத்தையா என்று இன்னும் சொல்ல முடியாது. அது அடுத்த வேலை. துறையில் வாசித்துக் காட்டினேன். ஒருவரும் கொட்டாவி விடவில்லை. கோதுமைக்காரர்கள் வேறு அறை தேடுகிறார்கள்.

கட்டுரைக்கு ஆசிரியர்கள் இரண்டு பேர். உன் பெயர் முதலில். மறுத்து எழுதாதே, அச்சுக்குப் போகிற பிரதியில் மையால் எழுதியாகிவிட்டது. ஒரு விவரம்தான் பாக்கி. பெயருக்குக் கீழே எந்த நிறுவனம் என்று போட வேண்டும். என்ன போட?

உன்
ராஜா

*

திருப்பூர்,
15-8-1969.

அன்புள்ள ராஜா,

உன் கடிதத்தை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். நிறுவனம் என்ற கேள்விக்கு வந்ததும் தயங்கினேன். மெட்ராஸ் கல்லூரியைப் போட எனக்கு உரிமை இல்லை. ஒன்றும் போடாமல் விட்டால் என்ன என்று யோசித்தேன். அப்போது அண்ணன் மனைவி, மருதம்மாள் நங்கையா, காப்பி கொண்டுவந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கண்ணாலத்தன்னிக்கே உங்கண்ணன் அதுக்குப் பேரு வெச்சுட்டாருங்களே, உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார்.

எனக்குத் தெரியாது. நான் அன்று சமையல் பக்கம் நின்றிருந்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பா பந்திக்குப் போகிற வழியில் நின்று, "ஏனுங்க, இத்தன பெரிய கண்ணாலம் பண்றீங்க, இந்த எட்டடிக்குச் சுண்ணாம்பு பத்தலீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். அண்ணன் மூங்கில் தடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாராம்: "அது சுவரில்லீங்க. அது எந்தம்பி படிப்புங்க."

நங்கையா சொல்லிக்கொண்டிருக்கும்போது அண்ணன் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஆறின காப்பியை.

ராஜா, நான் ஒன்றையும் மறக்கவில்லை. பேராசிரியர் விஷயத்தில் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஒருவன் என் தட்டுக்குப் பதினேழு வருஷம் தண்ணீர் விட்டிருக்கிறான், இன்னொருவர் தன் மகள் கல்யாணத்தில் ஊரார் சிரிக்க எனக்காக எட்டடிச் சுவரை விட்டிருக்கிறார். இதற்குமேல் எனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று சொல்ல நா எழவில்லை. நன்றி என்ற சொல்லை எழுதிக் கைப்பழக்கம் விட்டுவிட்டது. இப்போது எழுதுகிறேன். நன்றி.

நிறுவனம் என்ற இடத்தில் எங்கள் பட்டறையின் பெயரையே போடு. கட்டுரையின் முடிவில் நன்றி சொல்கிற வரியில் 'கு. ரத்தினசாமி, சுவர் உதவியமைக்காக' என்று போடு. அப்படிப் போடுகிற வழக்கம் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு எழுது. நான் பேசிக்கொள்கிறேன்.

அண்ணன் உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னார். வருகிற பொங்கலுக்கு அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாமா, கூடாதா? சின்னான் இப்போதே வந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். சீக்கிரம் பதில் போடு.

உன்
சென்னி